பினாங்குத் துறைமுகமும் ஒரு வக்ஃபு நிலமும்

பனையின் பெயரால் அமைந்த ஊர் பனமரத்துப்பட்டி. பாக்கின் பெயரால் அமைந்த தீவு பினாங்கு. முன்னது சேலத்துக்குத் தெற்கே, ஜருகுமலையின் அடிவாரத்தில், ஏரியும் அரளித் தோட்டங்களும் சூழ இருப்பது. பின்னது வங்கக் கடலுக்கு அப்பால், மலாய் தீபகற்பத்தின் வடமேற்குக் கரையை ஒட்டி இருப்பது. கடலலை காதில் விழாத சமவெளியில் வாழும் நமக்கு ஒரு தீவின் துறைமுக வரலாற்றில் என்ன பங்கு என்று கேட்போர் உளர். அக்கேள்வி நமக்கும் எழுந்ததுண்டு. அத்தீவுக்குச் சென்று, அதன் பழைய நகராகிய ஜார்ஜ் டவுனின் தெருக்களில் நடந்து திரும்பிய பின்னரே அதற்கு ஓரளவு விடை கிடைத்தது.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலை என்னவாயிற்று என்று நோக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைப் பணிக்கிறது. பார்ப்பது வேறு, நோக்குவது வேறு. 14ஆம் நூற்றாண்டில் மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையிலும் சுமத்ராவின் பாசை நகரிலும் தங்கிச் சென்ற இப்னு பதூதா, கண்ட கட்டடங்களைவிடக் கண்ட மனிதர்களைப் பற்றியே மிகுதியாக எழுதினார். பினாங்குக்குச் செல்லும் இன்றைய பயணி பெரும்பாலும் கட்டடங்களைக் கண்டு மீள்கிறார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் குவிமாடமும், நாகூர் தர்காவின் வெண்சுவரும், நாசி கண்டார் உணவுக்கடைகளின் மணமும் அவர் நினைவில் நிற்கின்றன. இவை நின்று நிலைபெற்ற நிலம் எவருடையது, எந்நோக்கத்திற்காக விடப்பட்டது என்பதை அவர் கேட்பதில்லை. அந்த நிலத்தின் கதையை இயன்றவரை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாக்குத் தீவு

மலாய் மொழியில் 'பூலாவ்' என்பது தீவு, 'பினாங்' என்பது பாக்கு. நம் பக்கத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் திருமணம் உறுதியாயிற்று என்பது போலவே, மலாய் மொழியில் பெண் கேட்பதற்கு 'மெமினாங்' என்ற சொல் வழங்குகிறது. அதுவும் பாக்கிலிருந்து பிறந்த சொல்லே. 15ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசின் கப்பற்படையை இந்துமாக்கடலில் நடத்திவந்த முஸ்லிம் தளபதி செங் ஹோவின் கடற்பயண வரைபடத்திலும் இத்தீவு பாக்குத் தீவு என்றே குறிக்கப்பட்டுள்ளது.

தீவுக்கு எதிரே உள்ள கெடா நாடு தமிழருக்குப் பழக்கமான இடம். கடாரம் என்று நம் கல்வெட்டுகள் கூறுவது அதனையே. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் படை அங்குச் சென்றது. பிற்காலத்தில் படைக்குப் பதிலாக வணிகம் சென்றது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் கெடா, பேராக், அச்சே அரசவைகளில் அரச வணிகர்களாகப் பொறுப்பேற்றிருந்தனர். மலாய் மக்கள் அவர்களைச் 'சூலியர்' என்றனர். சோழர் என்ற சொல்லின் திரிபே அது என்பது பெரும்பாலோர் கருத்து.

1786ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஃபிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இத்தீவில் இறங்கினார். ஆகஸ்டு 11ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் அதைக் கைக்கொண்டு, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. சயாமின் தாக்குதலிலிருந்து தம்மைக் காப்பதாகக் கம்பெனி உறுதியளிக்கும் என்ற நம்பிக்கையிலேயே கெடா சுல்தான் அப்துல்லாஹ் முகர்ரம் ஷா தீவை விட்டுக்கொடுக்க இசைந்தார். அந்த உறுதி வந்து சேரவே இல்லை. 1791இல் தீவை மீட்க அவர் எடுத்த முயற்சி தோல்வியுற்றது. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற தொகைக்கு உடன்படுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நகரின் முதல் கல் நடப்பட்டது இவ்வாறு முறிந்த வாக்கின் மேல்தான் என்பதை அந்நகரின் அழகு நமக்கு மறக்கச் செய்துவிடலாகாது.

சமவெளியும் துறைமுகமும்

லைட் தீவில் இறங்கிய ஆண்டில் நம் சேலம் நிலப்பகுதி திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின்னரே அது கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு என்பவர் ஆட்சியராக வந்தமர்ந்தார். ஒரே வணிகக் கம்பெனியின் கணக்கேட்டில் பினாங்கும் சேலமும் ஆறாண்டு இடைவெளியில் ஏறின.

இவ்விரண்டையும் இணைத்தது ஆட்சி மட்டுமன்று. சேலம் மாவட்டத்து மலைகளில் பிறக்கும் வசிட்ட நதி, வாழப்பாடி, ஆத்தூர்ப் பகுதிகளின் பாக்குத் தோப்புகளை நனைத்துக்கொண்டு கிழக்கே ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. போர்ட்டோ நோவோ என்று ஐரோப்பியரும், மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம்களும் அழைத்த ஊர் அது. 1781 ஜூலை முதல் நாளன்று ஹைதர் அலியின் படையும் கம்பெனியின் படையும் அங்கேதான் பொருதின. சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830களில் சேலத்து இரும்புத் தாதை உருக்கும் ஆலையை நிறுவியதும் அதே பரங்கிப்பேட்டையில்தான். எனவே அது கடற்கரை ஊர் மட்டுமன்று, நம் சமவெளியின் வாசற்படியும் ஆகும் என்று கொள்வதில் தவறில்லை.

பினாங்கின் தொடக்ககால வணிகத்தில் சோழமண்டலத்துத் துணிக்குப் பெரும் இடம் இருந்தது. பழவேற்காட்டிலிருந்து சென்ற கட்டம்போட்ட கைலிக்கு மலாய் மக்கள் இட்ட 'கயின் பெலிகாட்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 'சேலம்பூர்' என்ற பெயரில் ஒருவகைப் பருத்தித் துணி கடல் கடந்து சென்றது. அப்பெயரைச் சேலத்தோடு இணைப்பாரும் உளர், மறுப்பாரும் உளர். பெயர் எதுவாயினும், துறைமுகத்தில் ஏற்றப்பட்ட மூட்டைகளின் பின்னே உள்நாட்டுத் தறிகள் இருந்தன. அக்கப்பல்கள் திரும்பும்போது அச்சே, பினாங்குப் பகுதிகளின் பாக்கை நம் கரைக்கு ஏற்றி வந்தன. நம் முன்னோரின் வெற்றிலைப் பெட்டிகளில் வாழப்பாடிப் பாக்கோடு கடல் கடந்த பாக்கும் கலந்திருக்கக்கூடும். துறைமுகத்தின் வரலாறு கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. அதன் வேர் ஆற்றின் வழியே உள்நாட்டுக்குள் வெகுதூரம் ஓடுகிறது.

சூலியர்

1794இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், தீவின் குடிகளைப் பற்றி லைட் ஓர் அறிக்கை எழுதினார். சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியர்களை அதில் இரண்டாம் வகுப்பினராகக் குறிக்கிறார். அவர்களுள் பெரும்பாலோர் முன்பே கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் கூறுகிறார். தீவில் நிலைத்தோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். இவர்களைத் தவிர ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து, வணிகமும் கூலி வேலையும் செய்து, சில டாலர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என்பதும், அவர்களின் இடத்திற்கு வேறு சிலர் வந்தனர் என்பதும் அவ்வறிக்கையால் தெரியவரும் செய்திகள்.

இந்த எண்கள் சிந்தனைக்குரியவை. நிலைத்தவர்களைவிட வந்து போனவர்கள் மிகுதி. வந்து போகும் மனிதனுக்கு வேண்டுவன மூன்று. தொழ ஓர் இடம், தங்க ஒரு திண்ணை, இறந்தால் அடங்க ஆறடி மண். இம்மூன்றையும் அந்நிய மண்ணில் தனிமனிதர் எவரும் விலைகொடுத்துப் பெற இயலாது. சமூகம்தான் அவற்றை அமைத்துத் தரவேண்டும். நம் மார்க்கத்தில் அதற்கு அமைந்த வழி வக்ஃபு. ஒரு சொத்தை விற்காமல், பிறருக்குக் கொடுக்காமல், மரபுரிமையாகப் பங்கிடாமல், அதன் பயனை மட்டும் அறத்திற்கு விட்டுவிடுவது அதன் இலக்கணம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி அது.

அந்நாளில் தீவுக்கு வந்தவர் அனைவரும் விரும்பி வந்தவர் அல்லர். தென்பாண்டிப் பாளையக்காரர் போரில் சிறைப்பட்ட 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி இத்தீவுக்கு நாடு கடத்தினர் ஆங்கிலேயர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். வணிகர் வந்த அதே கடல்வழியே கைதிகளும் வந்தனர். இந்தியக் கைதிகளின் உழைப்பும் அந்நகரின் சாலைகளில் கலந்திருக்கிறது.

பதினெட்டு ஏக்கர்

ஒவ்வொரு குடியினருக்கும் ஒரு தலைவரை அமர்த்தி, சிறு வழக்குகளை அவர் வழியே தீர்ப்பது அந்நாளைய ஆட்சிமுறை. அத்தலைவர் 'கப்பித்தான்' எனப்பட்டார். 1807இல் அரச சாசனம் பெற்று நீதிமன்றம் அமையும்வரை இவர்களின் அதிகாரம் மேலோங்கி இருந்தது. இந்தியர்களுக்குத் தலைவராக விளங்கியவர் காதர் முகைதீன் மரைக்காயர். கலிங்கம் என்பதிலிருந்து பிறந்த 'கெலிங்' என்ற பழஞ்சொல்லால் இந்தியரை அழைத்த வழக்கின்படி அவர் கப்பித்தான் கெலிங் எனப்பட்டார். அச்சொல் இன்று இழிவுடையதாகக் கருதப்படுகிறது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் பழைய மதிப்போடு நிற்கிறது.

காதர் முகைதீன் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்தவர். கப்பல் உரிமையாளர், பெருவணிகர். வெள்ளாற்றின் கழிமுகத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் பாக்குத் தீவில் ஒரு சமூகத்தின் தலைவராக உயர்ந்தார். 1801ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துணை ஆளுநர் ஜார்ஜ் லீத்திடமிருந்து பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலத்தை அவர் பெற்றார். ஒரு பள்ளிவாசல் கட்ட 18 ஏக்கர் வேண்டியதில்லை. அடக்கத்தலம், குளம், வந்தவர் தங்குமிடம், ஓதிக்கொடுக்கும் ஆலிம்களின் வீடுகள், வாடகைக்கு விட்டுப் பள்ளியைப் பேணுவதற்கான மனைகள் எல்லாம் அடங்கிய ஒரு குடியிருப்பே அங்கு எழுந்தது. பள்ளியைச் சுற்றிக் கம்போங்குகள், அதாவது சிற்றூர்கள், அமைந்தன. குளம் இருந்த இடம் இன்றும் 'கம்போங் கோலாம்' எனப்படுகிறது. கோலாம் என்ற மலாய்ச் சொல்லும் நம் குளம்தான்.

1834இல் கப்பித்தான் மறைந்தார். தம் சொந்தச் சொத்திலும் ஒரு பகுதியை அறத்திற்கு விட்டுச் சென்றார். பள்ளிவாசலுக்கு அருகிலேயே அவர் அடங்கியிருக்கிறார். நாம் அங்குச் சென்ற பிற்பகலில் பள்ளியின் முற்றத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தவர் பலர். அடக்கத்தலத்தில் நம்மைத் தவிர எவரும் இல்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த அம்மனிதருக்காக ஃபாத்திஹா ஓதி நின்ற அந்தச் சில நிமிடங்களே நம் பயணத்தில் நம்மை மிகவும் நெகிழச் செய்தவை.

நாகூரார் நிழல்

கிங் தெருவும் சூலியா தெருவும் கூடும் முனையில் ஒரு சிறு வெண்கட்டடம் நிற்கிறது. நாகூரில் அடங்கியிருக்கும் ஹழ்ரத் சாகுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்களின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது அது. கடலோடிகளின் காவலராகப் போற்றப்பட்ட அவர்களின் பெயரால், கரையேறிய இடங்களில் எல்லாம் நம் மக்கள் நினைவிடம் எழுப்பினர். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட தர்காவும் அத்தகையதே. நாகூரில் கந்தூரிக்குக் கொடியேறும் நாளில் கடலுக்கு அப்பாலும் கொடி ஏறியது.

இத்தகைய நினைவிடங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்திற்குள் நுழைவது இக்கட்டுரையின் பணியன்று. வரலாற்று நோக்கில் ஒன்றைச் சொல்லலாம். பினாங்கு தர்காவின் புறச்சுவரை ஒட்டிச் சிறு கடைகள் அமைந்துள்ளன. வழிபாட்டிடத்தைக் கடைவாடகை தாங்குகிறது, கடைக்காரரை வழிபாட்டிடம் தாங்குகிறது. புலம்பெயர்ந்த வாழ்வின் முழு ஏற்பாட்டையும் அந்த ஒரு சுவரில் படிக்கலாம்.

சொல்லும் அச்சும்

சூலியர் மலாய்ப் பெண்களை மணந்து நிலைத்ததால் ஜாவி பெரானாக்கான் என்ற புதிய சமூகம் தோன்றியது. மொழியிலும் கலப்பு நிகழ்ந்தது. கடை 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. முதல் 'மோடால்' ஆயிற்று. நம் ஊர் லெப்பை அங்கு 'லெபாய்' ஆகி மார்க்கம் அறிந்தவரைக் குறித்தார். வணிகச் சொல்லும் மார்க்கச் சொல்லும் ஒரே கப்பலில் சென்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய் மொழிச் செய்தித்தாளுக்கும் 'ஜாவி பெரானாக்கான்' என்பதே பெயர்.

தமிழும் அங்குத் தழைத்தது. நாகூரைச் சேர்ந்த பெரும்புலவர் குலாம் காதிறு நாவலர் 1880களில் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். தமிழகத்தின் உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் அச்சுக்கூடமே இல்லாத காலத்தில், கடல் கடந்த துறைமுகங்களில் தமிழ் முஸ்லிம்கள் இதழ் நடத்தினர். துறைமுகம் சரக்கை மட்டும் கொண்டுவரவில்லை. செய்தியையும் விவாதத்தையும் கொண்டுவந்தது.

அச்சே தெருவில் 1808இல் அரபுக் குலத்தவரான செய்யிது ஹுசைன் அமைத்த பள்ளிவாசலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சுமத்ராவிலிருந்தும் வட மலாயாவிலிருந்தும் ஹஜ்ஜுக்குச் சென்றோர் இங்கே கூடியே கப்பலேறினர். அத்தெரு இரண்டாம் ஜித்தா என்று பெயர் பெற்றது.

சட்டத்தின் கையில்

வக்ஃபுக்கு வந்த சோதனை பகைவரிடமிருந்து வரவில்லை. சட்டம் வேறு கண்கொண்டு நோக்கியதாலும், நம்மவரின் கவனக்குறைவாலும் வந்தது. பினாங்கின் பெருவணிகராகிய முகம்மது நூர்தீனின் உயில் தொடர்பாக 1871இல் ஒரு வழக்கு நடைபெற்றது. ஷரீஅத்தின்படி ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் உயில் எழுத இயலாது. எஞ்சியது மரபுரிமையாளருக்கு உரியது. ஆனால் பினாங்கில் நடப்பது ஆங்கிலச் சட்டமே என்றும், முஸ்லிமும் தம் சொத்து முழுவதையும் உயிலால் வழங்கலாம் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அளித்தவர் எந்தச் சட்டத்தை மனத்திற்கொண்டு அளித்தாரோ, அச்சட்டத்தால் அவர் கொடை அளக்கப்படவில்லை.

இந்தியாவிலும் இதே துயரம் நிகழ்ந்தது. குடும்பத்தாரின் நலனுக்கும் பின்னர் ஏழைகளுக்குமாக விடப்பட்ட வக்ஃபு செல்லாது என்று 1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. முஹம்மது அலி ஜின்னா கொண்டுவந்த மசோதாவின் வழியே 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டம் நிறைவேறிய பின்னரே அந்நிலை மாறியது. வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஒரே சொல் ஒரே அயல் அகராதியைக் கொண்டு பொருள் கொள்ளப்பட்டது.

பினாங்கில் 1905ஆம் ஆண்டு சட்டத்தின்படி முகமதிய, இந்து அறக்கொடை வாரியம் அமைந்தது. அறங்காவலர்களின் சீர்கேடே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அது முழுப் பொய்யன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். கணக்கு எழுதாத முத்தவல்லியும், வக்ஃபைச் சொந்தச் சொத்தாகக் கருதிய வாரிசும் அங்கும் இருந்தனர். வாரியம் வந்தபின் கணக்கு சீரடைந்தது. 1910இல் நியூப்ரோனர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டு, இன்று நாம் காணும் மொகலாயப் பாணித் தோற்றத்தைப் பெற்றது. ஆயின் அதே காலத்தில் பள்ளியைச் சுற்றியிருந்த நெருக்கமான குடியிருப்புகள் அகற்றப்பட்டன. அவ்விடத்தில் நேரான தெருக்களும் வாடகை தரும் செங்கற் கடைவீடுகளும் எழுந்தன. பள்ளிவாசல் பெரிதாயிற்று. அதைச் சூழ்ந்த ஊர் சிறிதாயிற்று. இம்மாற்றங்களைக் கூ சல்மா நசுத்தியோன் என்ற பினாங்கு வரலாற்றாசிரியர், சூலியரைப் பற்றி 2014இல் வெளியிட்ட தம் பெருநூலில் விரிவாக ஆய்ந்துள்ளார்.

காட்சியாகிய நகரம்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் துறைமுகத்தின் செழுமை குன்றியது. 1969இல் தீவின் சுங்கவரியில்லாத் துறைமுக உரிமை நீக்கப்பட்டது. சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடு இணைத்த 'ரஜுலா' என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அப்பயணம் முடிவுற்றது. தலைமுறை தலைமுறையாக மச்சான் ஒரு கரையிலும் மாமன் மறு கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்களின் கடல்வழி அத்தோடு அறுந்தது.

பழைய நகரின் குடியிருப்போரைக் குறைந்த வாடகையில் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்ததால் பல குடும்பங்கள் வெளியேறின. எட்டாண்டு கழித்து, 2008 ஜூலை 7ஆம் நாள், ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1818ஆம் ஆண்டுக் கிறித்தவ ஆலயமும், சீனரின் கருணைத் தெய்வக் கோயிலும், 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயிலும், நம் கப்பித்தான் பள்ளியும் சில நிமிட நடைத்தொலைவுக்குள் அமைந்த அந்நகர் அச்சிறப்புக்கு முற்றிலும் தகுதியுடையதே. பல சமயத்தாரும் பகையின்றி அடுத்தடுத்து வாழ்ந்ததற்கு இதைவிட அழகிய சான்றைக் காண்பது அரிது. ஆனால் மரபுச் சின்னம் என்ற மகுடம் வந்தபோது, அம்மரபை வாழ்ந்தவர்களில் பலர் அத்தெருக்களில் இல்லை.

சூலியா தெருவில் இன்று பயணியர் விடுதிகள் நிறைந்துள்ளன. காவடித் தண்டின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளிக்கு விற்றவரின் உணவு, அத்தண்டின் பெயராலேயே நாசி கண்டார் என்று புகழ்பெற்றுவிட்டது. உண்பவர் பலர். தோளில் தழும்பேறச் சுமந்தவரை நினைப்பவர் சிலரே. அச்சுவையைப் பழிப்பது நம் நோக்கமன்று. நாமும் உண்டு மகிழ்ந்தோம்.

நாம் பெறும் படிப்பினை

ஊர் திரும்பியபின் நம் சமவெளிச் சிற்றூர்களை வேறு கண்ணோடு காண்கிறோம். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சிற்றூர்களில் சிறு பள்ளிவாசல்களும், அவற்றை ஒட்டிச் சில சென்ட் அடக்கத்தலங்களும் உள்ளன. அவற்றுள் பலவற்றை விட்டவர் எவர் என்ற பெயர் பள்ளிவாசல் சுவரில்கூட இல்லை. முதியவர் ஒருவரின் நினைவில் இருக்கலாம், அவரோடு அதுவும் மறையலாம். 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தபின், விவரங்களை இணையத்தில் பதிய வேண்டிய நிலையில், எந்த ஆவணத்தைக் கொண்டு பதிவது என்று முத்தவல்லிகள் திகைப்பதைக் காண்கிறோம். அச்சட்டத்தின் நிறைகுறைகள் நாட்டில் பெரும் விவாதத்திற்கும் வழக்கிற்கும் உள்ளாகியிருப்பதை வாசகர் அறிவர். சட்டத்தைப் பற்றிய கருத்து எவ்வாறிருப்பினும், நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும் கடமை நம்முடையது.

பினாங்கில் 1801ஆம் ஆண்டு மானியம் எழுத்தில் இருந்தது. எனவே நிலத்தின் பெரும்பகுதி எத்தனை ஆட்சி மாறினும் வக்ஃபு என்ற பெயரிலேயே நின்றது. மலாயா விடுதலைக்குப்பின் மாநில இஸ்லாமிய சமயப் பேரவை அதன் பொறுப்பை ஏற்றது. ஆயினும் எந்த எளிய மனிதனுக்குத் திண்ணையாக அது விடப்பட்டதோ, அவன் அங்கிருந்து வெகுதூரம் சென்றுவிட்டான். நம் சிற்றூர்களிலோ பள்ளியில் ஐவேளையும் தொழுகை நடக்கிறது. மையத்து வந்தால் அடக்கத்தலம் திறக்கிறது. நோக்கம் உயிரோடு இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை. ஆவணம் நிலத்தைக் காக்கும். விட்டவரின் நோக்கத்தைக் காப்பது அச்சமூகத்தின் நினைவு ஒன்றே. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வக்ஃபு முழுமையாகாது.

ஆகவே ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. ஊரின் மூத்தோரை அணுகி, இந்நிலத்தை விட்டவர் யார், எதற்காக விட்டார், அதன் நான்கெல்லை எது என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பழைய பத்திரங்களையும் பட்டாக்களையும் கந்தூரிக் கணக்கேடுகளையும் படியெடுத்துப் பேண வேண்டும். இது ஓர் ஆய்வாளருக்காகக் காத்திருக்க வேண்டிய பணியன்று. பள்ளி முற்றத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே செய்துவிடக்கூடியது.

வெள்ளாற்றில் கலக்க வசிட்ட நதி இன்றும் மழைக்காலத்தில் நம் மாவட்டத்தைக் கடந்தே செல்கிறது. அது சேரும் கழிமுகத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒருவர், தாம் திரும்பி வராவிட்டாலும் தமக்குப்பின் வருவோர் தொழவும் தங்கவும் வேண்டும் என்று எண்ணினார். பினாங்குக்குச் செல்லும் நம் வாசகர்கள் குவிமாடத்தைக் கண்டு வியந்தபின், சற்றே நடந்து கம்போங் கோலாமில் அவர் அடக்கத்தலத்திலும் ஒரு ஃபாத்திஹா ஓதி வருவார்களாக. வல்ல அல்லாஹ் அவருடைய அறக்கொடையை ஏற்று, அதைப் பேணும் அறிவை நமக்கும் அருள்வானாக.